ஆற்றங்கரை நகரமும் சாப்பாட்டுப் பட்டியலும்

வார இறுதியில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கிறது. ஒருவர் தனியே ஓர் ஊருக்குச் செல்கிறார்; கவலையின்றி உண்டு, உறங்கி, ஆற்றங்கரையில் உலவித் திரும்புகிறார்; திரும்பியதும் அதனை எழுதவும் செய்கிறார். இத்தகைய கட்டுரைகள் அண்மைக் காலமாக நம் இளைஞர்களிடமிருந்து நிறையவே வருகின்றன. வரட்டும், மகிழ்ச்சியே. நமது முந்திய தலைமுறையில் பெரும்பாலோர் ஹஜ்ஜுக்குச் சென்றதை மட்டுமே பயணம் என்று எழுதினார்கள். ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் போனதெல்லாம் பிழைப்பு. பிழைப்பைப் பற்றி வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். கட்டுரை எழுதுவதற்கில்லை என்பது அவர்கள் எண்ணம். இன்று ஒரு பிள்ளை தன் சொந்தச் சம்பளத்தில், யாருக்கும் பொருள் ஈட்டும் கடமையின்றி, வெறுமனே ஊர் பார்க்கப் போய்வருகிறான் என்றால் அது நமது சமுதாய வாழ்வில் நேர்ந்துள்ள சிறிய மாற்றமன்று.

ஆகவேதான் அவ்வெழுத்தைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படி நம் கைக்கு வந்த கட்டுரை ஒன்று கூச்சிங் நகரைப் பற்றியது. மலேசியாவின் கீழ்ப்பகுதியாகிய போர்னியோத் தீவில், சரவாக் மாநிலத்தின் தலைநகர் கூச்சிங். சரவாக் ஆறு நகரின் நடுவே வளைந்து ஓடுகிறது. எழுதியவர் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. அவர் ஒருவரைக் குறைகூறுவது நமது நோக்கமுமன்று; அவர் எழுதிய முறையில் இன்று பலரும் எழுதுகிறார்கள். ஒன்பது பக்கக் கட்டுரை. அதில் பதினொரு உணவகங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் உண்டா, விலை யாது, குளிர்சாதனம் உண்டா, தொழ இடம் உண்டா என்ற விவரங்கள் ஒழுங்காகத் தரப்பட்டுள்ளன. ஆறு இரண்டு இடங்களில் வருகிறது: ஒருமுறை புகைப்படத்திற்குப் பின்னணியாக, மறுமுறை ஓர் உணவகத்திற்கு வழி சொல்லும் அடையாளமாக. மனிதர் எவரும் வரவில்லை. ஊர் ‘ஹலாலுக்கு இணக்கமானது’ என்ற தீர்ப்போடு கட்டுரை முடிகிறது.

பட்டியலை நாம் இகழவில்லை. அன்னிய ஊரில் பசியோடு நிற்கும் முஸ்லிமுக்கு, அதிலும் தனியே செல்லும் பெண்ணுக்கும் பிள்ளைகளோடு செல்லும் குடும்பத்திற்கும், இன்ன தெருவில் இன்ன கடை என்ற தகவல் பெரும் உதவி. மலேசியா என்றதும் எங்கும் எதையும் வாங்கி உண்ணலாம் என்று நம்மவர் சிலர் நினைக்கிறார்கள். சரவாக் அப்படியன்று. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அம்மாநிலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்கினர். ஒரே கோப்பிக்கடைக் கூரையின் கீழ் நாலைந்து பேர் தனித்தனி அடுப்பு வைத்திருப்பார்கள். ஒருவர் மாட்டிறைச்சி சமைப்பார், அடுத்தவர் பன்றி இறைச்சி சமைப்பார். பேணுதலுடையவர் கேட்டறிந்து உண்பதே முறை.

ஆனால் பட்டியல் எழுதுபவர் பட்டியலையாவது சரியாக எழுத வேண்டாமா? நமது நண்பரின் கட்டுரையில் மூன்று வேறு நிலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அரசின் சமய அமைப்பு ஆய்ந்து சான்று அளித்த கடை ஒன்று. முஸ்லிம் ஒருவர் தம் வீட்டு வாசலில் சமைத்து விற்கும், சான்று எதுவும் இல்லாத கடை மற்றொன்று. பன்றி இறைச்சி இல்லை என்று பலகை மட்டும் தொங்கவிட்ட கடை மூன்றாவது. 2012 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி மலேசியாவில் ஹலால் சான்று தரும் உரிமை ‘ஜாக்கிம்’ எனும் கூட்டரசுத் துறைக்கும் மாநிலச் சமய அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு. பன்றி இறைச்சி இல்லை என்ற பலகை ஹலால் என்பதற்கு ஈடாகாது. கோழியை அறுத்தவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மூன்றையும் ஒரே அடைமொழிக்குள் அடக்கிவிட்டால் பேணுதலுடையவருக்கும் பயனில்லை. தம் வாசலில் அடுப்பு மூட்டி விற்கும் மலாய் மூதாட்டிக்கும் நீதியில்லை. சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்தால் அம்மூதாட்டிகள் ஒருவர்கூட அந்தப் பதினொன்றில் இடம் பெறவில்லை. பலகை தொங்கவிட்ட கடைகள் மட்டும் இரண்டு இடம் பெற்றுவிட்டன!

இது தகவல் பிழை. திருத்திக்கொள்ளலாம். நம்மை வருத்துவது வேறொன்று.

உண்ணத் தகுமா என்று கேட்பவனுக்கு ஓர் ஊரின் சரித்திரமே திறந்துகொள்ளும். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே நமது நண்பர் கதவருகில் நின்று திரும்பிவிட்டார். கூச்சிங்கில் காலை உணவாகப் பலரும் உண்பது ‘மீ கோலோ’ என்னும் மெல்லிய மஞ்சள் நூடுல்ஸ். சீனர்கள் கொண்டுவந்தது. பன்றிக் கொழுப்பில் புரட்டி, பன்றி இறைச்சித் துண்டுகளை மேலே வைப்பது அதன் மூல வடிவம். அந்த ஊர் மலாய் மக்கள் அதனைக் கண்டு முகம் சுளித்து ஒதுங்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. கொழுப்பை நீக்கி, வெங்காயம் பொரித்த எண்ணெயில் புரட்டி, மாட்டிறைச்சி சேர்த்துத் தமதாக்கிக்கொண்டார்கள். பெயரையும் தம் நாவுக்கேற்ப ‘மீ கோலோக்’ என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று சீனர் கடையில் ஒன்றும் மலாய்க்காரர் கடையில் ஒன்றுமாக இரண்டும் வாழ்கின்றன. இரண்டுக்கும் ரசிகர் உண்டு. தமக்கு விலக்கப்பட்டதை விலக்கியபடியே அண்டை வீட்டாரின் சுவையில் பங்கு கொள்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? நண்பரின் கட்டுரையில் மீ கோலோக் இருக்கிறது. ‘ஹலால், சுவை நன்று, அளவு போதாது’ என்ற பொருளில் ஒரு வரி, அவ்வளவுதான்.

‘மானோக் பான்சோ’வும் அத்தகையதே. கோழியை இஞ்சிப் பூண்டு வகைகளோடு மூங்கில் குழாயில் அடைத்து நெருப்பில் வேக வைப்பது இபான், பிடாயு ஆகிய பழங்குடியினரின் சமையல். பண்டத்தில் குற்றமில்லை, மூங்கிலில் குற்றமில்லை, அறுத்த கை எது என்பதே கேள்வி. ஆகவே ஒரே பண்டம் ஆற்றின் ஒரு கரையில் நமக்கு ஆகும், மறுகரையில் ஆகாமற் போகலாம். ‘உமாய்’ என்பதோ மெலானாவ் மீனவர்களின் உணவு. பச்சை மீனை மெல்லிதாக அரிந்து எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காயத்திலும் ஊற வைத்து, வேக வைக்காமலே உண்பார்கள். மெலானாவ் மக்களிற் பலர் முஸ்லிம்கள். அங்கே தடை சொல்வது மார்க்கமன்று, நமது வயிறு! (நாம் ஒரு கரண்டி உண்டோம். இரண்டாவது கரண்டிக்குத் துணிவு வரவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.)

ஆம், கட்டுரையைப் படித்த பின் நாமும் அந்நகருக்குச் சென்றோம். நாம் என்று பன்மையில் எழுதும் வழக்கத்தால் வாசகர் மயங்க வேண்டா; போனது ஓர் ஆள்தான். கோலாலம்பூரில் இருக்கும் உறவினரைக் காணச் சென்றிருந்தபோது ஒரு வெள்ளி இரவில் விமானம் ஏறினோம். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். ஒரே நாடாயினும் சரவாக்கிற்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. அந்நாட்டாரே அடையாளச் சீட்டைக் காட்டித்தான் உள்ளே போகிறார்கள்.

முதல் நாள் பட்டியலை நம்பினோம். அதில் முதலிடம் பெற்ற உணவகத்தைத் தேடி வெயிலில் நெடுந்தூரம் நடந்தோம். வழியில் மூன்று மலாய்க் கடைகளிலிருந்து வந்த லக்சா மணத்தைக் கடந்தே நடந்தோம். சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்து அந்த மூன்றில் ஒன்றில் உட்கார்ந்தோம். சரவாக் லக்சா என்பது அரிசிச் சேமியாவின் மேல் தேங்காய்ப்பாலும் புளியும் பெலாச்சான் எனும் இறாற்பசையும் மசாலாவும் கலந்த ஆணத்தை ஊற்றி, இறால், கோழி நார், முட்டை அடை நறுக்கு, மல்லித்தழை தூவி, எலுமிச்சை பிழிந்து தருவது. நமது நாக்குக்கு அது அன்னியமேயன்று. மல்லியும் சீரகமும் பட்டையும் கராம்பும் எந்தத் திசையிலிருந்து அத்தீவுக்குப் போயிருக்கும் என்று எண்ணியபடியே உண்டோம்.

பரிமாறிய அம்மையார் நம்மைப் பார்த்துக் கேட்ட முதற் கேள்வி, “தனியாகவா?” என்பது. படகோட்டியும் அதையே கேட்டார். அங்கே ஆற்றைக் கடக்கக் கூரை வேய்ந்த மரப்படகுகள் உண்டு, ‘தம்பாங்’ என்பார்கள். 2017-இல் ‘தாருல் ஹானா’ என்னும் வளைந்த நடைபாலம் திறக்கப்பட்ட பின்னும் படகுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அக்கரையில் மலாய்க் குடியிருப்புகள்; கரையோரம் உணவுக் கடைகள்; வீட்டு வாசல்களில் வண்ண வண்ணமான அடுக்குக் கேக்குகள். டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் பிறந்த அப்பண்டம் இன்று சரவாக்கின் பெயரோடு சட்டப்படி பிணைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அமர்ந்து, நிப்பா எனும் சதுப்பு நிலப் பனையின் வெல்லம் அடியில் தங்க, பாலும் தேநீரும் மேலே கலவாமல் நிற்கும் குளிர்ந்த தேநீர் ஒன்று குடித்தோம். எதிர்க்கரையில் நகரம். அருகே, வெள்ளைக்கார ‘ராஜா’ சார்ல்ஸ் புரூக் தம் மனைவி மார்கரெட்டின் பெயரால் 1879-இல் கட்டிய கோட்டை. கூச்சிங் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றரைப் பாகை தொலைவில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மஃரிபு வேளை அதிகம் மாறுவதில்லை. ஆறு செம்பொன்னாகி, ஐந்து நிமிடத்தில் கறுத்துவிடுகிறது. ஒன்றும் செய்யாமல் ஒருவன் உட்கார்ந்திருக்க உலகில் இதைவிட நல்ல இடம் அரிது.

“தனியாகவா?” என்ற கேள்வி மட்டும் மனத்தில் நின்றது. இரவில் தனியே பயணம் செய்வதன் ஆபத்தை எச்சரிக்கும் நபிமொழி உண்டு. நம்மவர் வழக்கிலோ ‘சபர்’ என்றால் பிரிவு. ‘சபுராளி’ என்றால் பொருள் தேடி அக்கரைச் சீமை சென்றவர். ஓய்வுக்காகத் தனியே போகிறவனைக் குறிக்க நம்மிடம் சொல்லே இல்லை. ஊரில் காத்திருந்த மனைவியரின் ஏக்கத்தை நமது நாட்டார் பாடல்கள் வேண்டிய மட்டும் பாடியுள்ளன. போனவர் அங்கே என்ன உண்டார், எந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்தார் என்பதைப் பாடியவர் குறைவு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தபோது மெடான், பினாங்குத் தெருக்கள் தமிழ் நாவலுக்குள் உயிரோடு வந்து நின்றன. கட்டுரைத் துறையில் அதற்கு இணையாக நாம் எதைக் காட்டுவோம்?

மறுநாள் நகரக் கரையில் இந்தியத் தெருவுக்குப் போனோம். முன்னாளில் அதற்குக் ‘கிளிங்’ தெரு என்று பெயர். கலிங்கம் என்ற சொல்லிலிருந்து பிறந்து, பின் நம் மக்களை இழித்துரைக்கும் சொல்லாக மாறிவிட்ட அப்பெயர் நீங்கி 1928-இல் இந்தியத் தெரு ஆயிற்று. துணிக்கடைகள் நிறைந்த தெரு. அதற்கு இணையாக ஆற்றோரம் ஓடும் கேம்பியர் தெருவோ வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியின் பெயரைத் தாங்கியது. அங்கே மசாலாக் கடைகள். இரு தெருக்களையும் ஒரு சந்து இணைக்கிறது. இருவர் எதிரெதிர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். அச்சந்தின் நடுவே, கடைகளின் முதுகுகளுக்கிடையில், வெளியே நிற்பவர் கண்ணில் படாதபடி ஒரு பள்ளிவாசல்.

அப்பள்ளிக்கு 1837 என்று ஆண்டு சொல்லுகிறார்கள். ஜேம்ஸ் புரூக் அந்த ஆற்றில் முதன்முதலாகக் கப்பலில் வந்ததே 1839-இல், ராஜாவானது 1841-இல். அதற்கும் முன்பே, இந்தியாவிலிருந்து வணிகத்திற்காக வந்த முஸ்லிம்கள் நிப்பா ஓலை கொண்டு ஒரு தொழுமிடம் அமைத்துக்கொண்டார்கள். பின்னர் ‘பெலியான்’ எனும் இரும்பு போன்ற மரத்தால் அதனை வலுப்படுத்தினார்கள். அண்மை ஆண்டுகளில் ஆற்றின் மேலேயே தூண் நிறுத்தி ஒரு புதிய பெரிய பள்ளி எழுந்துள்ளது. அதற்கும் இந்தியப் பள்ளி என்ற பெயர் தொடர்ந்து வழங்குகிறது. பழைய பள்ளியில் லுஹர் தொழுதோம். சந்தில் வெள்ளைப்பூண்டு, மல்லி, கருவாடு எல்லாம் கலந்த வாடை. நம் ஊர்க் கடைத்தெருவில் கண்ணை மூடி நிற்பது போலிருந்தது. தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர் ஸலாம் சொல்லி, நாம் எந்த ஊர் என்று மலாயில் விசாரித்தார். தமிழ்நாடு என்றதும் சிறிது யோசித்து, எங்கோ அடியில் கிடந்ததைத் தேடி எடுப்பவர் போல, “சாப்பிட்டாச்சா?” என்றார். அவரிடம் எஞ்சியிருந்த தமிழ் அந்த ஒரு சொல்தான். பாட்டனார் கேட்கும் சொல் என்று பிறகு மலாயில் விளக்கினார்.

அந்தப் பாட்டனாரும் தனியேதான் வந்திருப்பார். அவருக்கு யார் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள்?

நமது நண்பரின் கட்டுரையை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். இந்தியத் தெருவுக்கு அவரும் போயிருக்கிறார்! துணிக்கடைகள் உண்டு, பேர் பெற்ற உணவகம் இல்லை என்று குறித்துவிட்டு நடந்திருக்கிறார். சந்தின் வாயைக் கடந்தே சென்றிருக்க வேண்டும். அத்தெருவில் வேறு வழியில்லை.

இளைஞரை மட்டும் நோவது முறையாகாது. 1325-இல் தாஞ்சியரிலிருந்து தனியே புறப்பட்ட இப்னு பதூதாவுக்கும் இச்சோர்வு வந்ததுண்டு. சீன நாட்டில் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை கண்ணில் படுவதால் பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே செல்லவில்லை என்றும், முஸ்லிம் ஒருவரைக் கண்டால் உறவினரைக் கண்டதுபோல் மகிழ்ந்தார் என்றும் அவரது பயண நூலே கூறுகிறது. அவர் எழுதியவற்றில் சீனப் பகுதி உயிர் குறைந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நமக்கு ஐயம். அதே மனிதர் மாலி நாட்டில் மன்னர் விருந்துப் பொருள் அனுப்பியிருப்பதாகக் கேட்டு, பட்டாடையும் பொன்னும் வரும் என எழுந்து நின்று, மூன்று ரொட்டியும் ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சியும் ஒரு சுரைக்குடுவைத் தயிரும் வந்ததைக் கண்டு சிரித்ததை எழுதுகிறார். அங்கே உணவும் இருக்கிறது, மன்னரும் இருக்கிறார், ஏமாந்த பயணியும் இருக்கிறார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தயிர்க் குடுவை நம் கண்ணெதிரே நிற்கிறது. பதினொரு உணவகங்களில் எது அடுத்த ஆண்டு நினைவில் நிற்கும்?

இதற்கு நேரெதிரான எழுத்தும் நம்மிடையே உண்டு. அதுவும் நமக்கு உவப்பில்லை. ஊரின் சரித்திரம், மன்னர் வரிசை, கோபுர உயரம் யாவும் எழுதி, தாம் என்ன உண்டோம் என்பதை எழுதுவது இழுக்கு என்று கருதும் அறிஞர்களைச் சொல்கிறோம். அவர்கள் கட்டுரையில் யாருக்கும் பசிப்பதேயில்லை. கூச்சிங் 2021-இல் யுனெஸ்கோவின் உணவுக்கலைப் படைப்பு நகரங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அந்த ஊரைச் சோற்றை விட்டுவிட்டு எழுதுபவர் பாதி ஊரைத்தான் எழுதுகிறார். நமது நண்பருக்குப் பசியாவது இருக்கிறது. அது நல்ல தொடக்கமே.

கட்டுரையை அவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறோம். பதினொன்றில் ஏழை நீக்கிவிடுமாறும், எஞ்சிய நான்கில் சமைத்தவர் யார் என்று கேட்டு எழுதுமாறும் குறிப்பு வைத்தோம். கூடவே ஒரு கேள்வியும்: இரண்டாம் நாள் நண்பகலில் இந்தியத் தெருவில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அன்று லுஹர் எங்கே தொழுதீர்கள்? பதில் இன்னும் வரவில்லை.